இடது காலுக்கு மூச்சு வாங்குகிறது

விருத்தாசலம்
14.6.2024, வெள்ளி

சேசு மரி சூசை துணை.

ஃப்ளோராவுக்கு,

அன்புள்ள என்று போடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இந்தத் தடவை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உன் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். கை தவறி இல்லை, தெரிந்துதான் செய்தேன். போனில் நான் பேசுவதை நீ கேட்பதில்லை, என் மூச்சைத்தான் கேட்கிறாய். போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் பூவாயி மகள் கல்யாணத்தைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் "அக்கா, படுத்துக்கோ, அப்பறம் பேசலாம்" என்றாய். மாப்பிள்ளை எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. காகிதத்தில் மூச்சு வாங்காது, அதனால்தான் கடிதம். இதை எண்ண முடிந்தால் எண்ணிக்கொள்.

போன ஞாயிறு, "அக்கா, ஒரு நிமிஷத்துக்கு எத்தன மூச்சுன்னு எண்ணிச் சொல்லு" என்று கேட்டாய். கடிகாரத்தைப் பார்த்து எண்ணி நாற்பத்தி நாலு என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முதலாளி சாமிதுரைக்கு அடித்து, "எங்கக்காவ பிரஸ்ல உக்கார வெக்காதீங்க, எந்த நேரமும் எதுவும் ஆவலாம்" என்று சொல்லியிருக்கிறாய். திங்கட்கிழமை காலையில் தொழிற்பேட்டைக்குள் நுழைகிறேன், கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"ஜெயமேரி, ஒனக்கு ஒன்னு ஆச்சுன்னா நான் கோர்ட்டு கேஸுன்னு அலையணும்மா. நீயா ஒரு ராஜினாமா எழுதிக் குடுத்துட்டீன்னா எல்லாருக்கும் மரியாத."

பதினெட்டு வருடம் அந்தப் பீங்கான் மண் அழுத்தும் பிரஸ்ஸை மிதித்திருக்கிறேன். இந்தத் தாலுக்காவில் எத்தனை வீட்டுச் சுவரில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நான் அழுத்திய ஃபியூஸ் கட்டை இருக்கிறதோ. எனக்கு மரியாதை ராஜினாமாவில் இருக்கிறதாம். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுபடி சொல்கிறேன், இந்தத் தடவையாவது கேள். ஜனவரியில் கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் வண்டி சறுக்கி இடது கால் எலும்பு முறிந்தது. மூன்றரை மாதம் மாவுக்கட்டு. பிரித்துப் பார்த்தபோது கால் முருங்கைக்காய் மாதிரி இருந்தது. மே மாதம் வேலைக்குப் போனேன். அன்றிலிருந்துதான் மூச்சு வாங்குகிறது. நெஞ்சுப் படம் எடுத்தாகிவிட்டது, ஊதச் சொன்னார்கள், ஊதியாகிவிட்டது, இருதயமும் நன்றாக இருக்கிறதாம். காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று நீ பயந்தாயே, அந்த ஸ்கேனும் சுத்தம். இங்கே டாக்டர் எல்லாம் மனப்பயம் என்கிறார். நீ எல்லாம் பிரஸ்ஸில் பறக்கும் தூசி என்கிறாய்.

இரண்டும் இல்லை. எனக்கு மூச்சு வாங்கவில்லை. என் இடது காலுக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

சிரித்துக்கொள்.

ஜெயமேரி


புதுச்சேரி
20.6.2024

அக்கா,

நான் சிரிக்கவில்லை. அழுதேன், அது உனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

நான் நுரையீரல் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனுஷிக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது மூச்சு. முப்பது போனாலே நாங்கள் ஓடுவோம். நீ நாற்பத்தி நாலு என்று, கடைக்குப் போய் வந்த கணக்கு மாதிரி சொன்னாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? உன்னைக் கேட்டால் விடமாட்டாய் என்று தெரியும், அதனால் சாமிதுரையிடம் சொன்னேன். அது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவை மறந்துவிட்டாயா? கல் அரைக்கும் மில்லில் இருபது வருடம் இருந்தார். இருமினால் "சளிம்மா" என்பார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் வெள்ளையாக இருக்கும், நாம் இரண்டு பேரும் கிண்டல் செய்வோம். கடைசி வருடம் மாதாகோயில் வாசலில் இரண்டு படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஜெபம் செய்கிற மாதிரி நடித்தார். மற்றவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன், எனக்கு அப்போது பதினான்கு வயது. இந்த வேலைக்கு நான் வந்ததே அந்த நடிப்பால்தான். இஞ்ஞாசி மகள் இன்னொருத்தி அதே நடிப்பை நடித்தால் நான் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன்.

கால் மூச்சு விடாது அக்கா. மூச்சு விட நுரையீரல் இருக்கிறது. உன் ரிப்போர்ட் எல்லாம் ஏன் சரியாக இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். புரியாததால்தான் பயம் கூடுகிறது.

ராஜினாமா கொடுத்துவிட்டு இங்கே வா. வீட்டுக்காரர் சார்லஸும் அதையேதான் சொல்கிறார். மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. ஓய்வெடு, காலை நீட்டி உட்கார்.

ஃப்ளோரா

பி.கு: மாப்பிள்ளை எந்த ஊர்?


விருத்தாசலம்
26.6.2024

சேசு மரி சூசை துணை.

ஃப்ளோராவுக்கு,

திட்டக்குடி. இப்போது கேட்டு என்ன பயன், பந்தி எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பா நடித்தார். சரி. நான் நடிக்கிறேன் என்று எப்படி முடிவு கட்டினாய்? அவர் மூச்சு வாங்கவில்லை என்று நடித்தார். நான் மூச்சு வாங்குகிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். எங்கிருந்து வாங்குகிறது என்பதில்தான் சண்டை.

ஓய்வெடுக்கச் சொன்னாய். மூன்றரை மாதம் கால் ஓய்வெடுத்த லட்சணம்தான் இது. இன்னும் ஓய்வு கொடுத்தால் கால் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். பக்கத்து பிரஸ் கொளஞ்சியம்மாளை உனக்குத் தெரியும். சாயங்காலம் வந்தால், ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி என் காலை மடக்கி நீட்டி ஆட்டிவிடுவாள். நான் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு சும்மா இருப்பேன், டீகூடக் குடிப்பேன். போன வாரம் அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"ந்தா ஜெயமேரி, கால ஆட்டுறவ நானு. மூச்சு வாங்குறது ஒனக்கா? நல்ல கூத்தா இருக்குது."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை, ஆனால் மூச்சு வேகமாகிவிட்டது. அவள் கையை எடுத்தாள், இறங்கிவிட்டது. மறுபடி ஆட்டினாள், ஏறியது. விளையாட்டு மாதிரி நாலு தடவை செய்து பார்த்தோம். தூசி என்றால் என் வீட்டு ஹாலில் ஏது தூசி? பயம் என்றால் கொளஞ்சியம்மாளைப் பார்த்து நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

பிரஸ்ஸிலும் அப்படித்தான். மிதி இடது காலில். இருபது மிதிக்குள் மூச்சு வந்துவிடும். ஒருநாள் திரும்பி உட்கார்ந்து வலது காலால் மிதித்துப் பார்த்தேன். அறுபது போனேன், ஒன்றும் இல்லை. அதே பிரஸ், அதே தூசி, அதே நுரையீரல். மாறினது கால்தான். இதை டாக்டரிடம் சொன்னபோது அவர் பேனாவை மூடிவிட்டு, "நல்லாத் தூங்கும்மா" என்றார்.

உனக்கு இன்னொரு சேதி. உன்மேல் பிராது விழுந்திருக்கிறது. கொளஞ்சியம்மாள் திங்கட்கிழமை மணவாளநல்லூர் முருகன் கோயிலுக்குப் போய், கொளஞ்சியப்பருக்கு உன்மேல் பிராது கட்டிவிட்டாள். என்னைத்தான் எழுதித் தரச் சொன்னாள். "நான் வேதக்காரி, எழுத மாட்டேன்" என்றேன். "எழுதாட்டிப் போ" என்று அங்கேயே யாரையோ பிடித்து எழுதி சாமி வேலில் கட்டிவிட்டு வந்தாள். ஃப்ளோரா, தகப்பனார் இஞ்ஞாசி, புதுச்சேரி. அக்காள் வேலையைக் கெடுத்தவள். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வருமாம். நான் எழுதாத குறைக்குத்தான் இதை உனக்கே எழுதுகிறேன், இதையும் பிராது என்றே வைத்துக்கொள்.

புதுச்சேரிக்கு வர மாட்டேன். ராஜினாமாவும் கிடையாது. நீ இங்கே வந்தால் கதவு திறக்காது.

ஜெயமேரி


புதுச்சேரி
8.7.2024

அன்புள்ள அக்கா,

நான் போட்டுவிட்டேன். நீ போடுவது உன் இஷ்டம்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். "நான் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை" என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றேன். வெட்கத்தை விட்டு எங்கள் டாக்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "ஒங்கக்கா என்ன படிச்சிருக்காங்க?" என்று கேட்டார். எட்டாவது என்றேன். "நல்லாப் பாத்திருக்காங்க" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். வேலை செய்தால், நாம் மூச்சில் வெளியே விடுகிற கரிக்காற்று ரத்தத்தில் கூடும், அதைக் கண்டு மூளை மூச்சைக் கூட்டும், இப்படித்தான் நான் வைத்திருந்தேன். அது பொய்யில்லை, ஆனால் அது வந்து சேர நேரம் ஆகும். மாடிப்படியில் முதல் அடி வைக்கும்போதே மூச்சு மாறிவிடுகிறதே, அதற்குள் ரத்தத்தில் என்ன மாறியிருக்கும்? அங்கே வேறு தபால் ஓடுகிறது. காலை அசை என்று மேலேயிருந்து கீழே வரும் நரம்பு ஒன்று. தசைக்குள்ளிருந்து கீழேயிருந்து மேலே போகும் நரம்புகள் வேறே, நூலைவிட மெல்லியவை. தசை இழுபட்டால், அசைந்தால், அவை சேதி அனுப்பும். தசை தாங்க முடியாமல் வேலை செய்து உள்ளே புளிப்புச் சேர்ந்தால் இன்னும் பலமாக அனுப்பும். மூளையின் அடியில் மூச்சைப் பார்த்துக்கொள்ளும் இடம் அந்தச் சேதியைக் கேட்டுத்தான் உடனே மூச்சைக் கூட்டுகிறது. அதனால்தான் அடுத்தவர் ஆட்டினாலும் கூடும்.

உன் இடது கால் இளைத்துவிட்டது. வலது கால் சும்மா செய்கிற வேலைக்கு அது உயிரைக் கொடுக்கிறது, சீக்கிரம் புளித்துப்போகிறது, பெரிதாகக் கத்துகிறது. நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லாமலே உனக்கு மூச்சு வாங்கலாம். "இருக்கலாம்" என்றுதான் டாக்டரம்மா சொன்னார், "இதுதான்" என்று சொல்லவில்லை. நானும் அப்படியே சொல்கிறேன்.

ஆனால் நான் உன் தங்கை, யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். டாக்டரம்மா பக்கத்தில் நிற்க, லேபில் இருக்கும் சைக்கிளில் ஏறி வியர்க்கும்வரை மிதித்தேன். நிறுத்தின நொடியில் இரண்டு தொடையிலும் பிரஷர் பார்க்கிற பட்டையை இறுக்கச் சொன்னேன், தசையில் சேர்ந்த புளிப்பு வெளியே போகாமல் அங்கேயே நிற்பதற்கு. கால் ஓய்ந்துவிட்டது, ஆனால் மூச்சு முழுசாக இறங்கவில்லை. கால் எரிந்தது, மூச்சு தொங்கிக்கொண்டே நின்றது. பட்டையை அவிழ்த்தார்கள், இறங்கியது. அந்த இரண்டு நிமிடம் நீ மே மாதத்திலிருந்து எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. இதை நீ வீட்டில் செய்யக் கூடாது. செய்தால் நானே வந்து பிராது கட்டுவேன்.

நீ செய்ய வேண்டியது வேறு. சமையலறைக்கு ஏறும் படி இருக்கிறதே, அதில் வலது காலை ஊன்றி ஒரு நிமிடம் ஏறி இறங்கு. அரை மணி உட்கார்ந்துவிட்டு இடது காலை ஊன்றி அதே மாதிரி. தூக்குகிற பாரம் ஒன்றுதான், நீதான். ஒவ்வொன்றுக்கும் பிறகு மூச்சை எண்ண வேண்டும். நீ எண்ணாதே, தன் மூச்சைத் தானே எண்ணினால் அது மாறிவிடும். கொளஞ்சியம்மாள் எண்ணட்டும், அதுவும் உனக்குத் தெரியாமல், பேச்சுக் கொடுத்துக்கொண்டே. சும்மா இருக்கும்போது எத்தனை, அவள் காலை ஆட்டும்போது எத்தனை என்பதும் வேண்டும். எப்படி எண்ணினாள் என்றும் எழுது.

ஃப்ளோரா


விருத்தாசலம்
17.7.2024

சேசு மரி சூசை துணை.

ஃப்ளோரா,

ஆக, நான் வேலில் பிராது கட்டாவிட்டாலும் என் கால் மேலே பிராது கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் சட்டென்று புரிந்திருக்கும். தபால், நூல், புளிப்பு என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்.

நீ தொடையைக் கட்டிக்கொண்டதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு பிள்ளை பெற்றவள் செய்கிற வேலையா அது? ஆனாலும் அந்தக் காகிதத்தை பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

எண்ணிக்கை இதோ. சும்மா இருக்கும்போது முப்பத்திரண்டு. கொளஞ்சியம்மாள் இடது காலை ஆட்டினபோது நாற்பது. இல்லை, அப்போது ஆட்டினது பூவாயி, எண்ணினது இவள், சரியாக எழுத வேண்டும் என்கிறாள். படியில் வலது காலுக்கு நாற்பத்தெட்டு. இடது காலுக்கு அறுபத்தெட்டு. மூன்று நாள் செய்தோம், ஒன்றிரண்டு முன்னே பின்னே, ஆனால் ஒருநாளும் வலது கால் இடது காலை ஜெயிக்கவில்லை.

எப்படி எண்ணினாள் என்று கேட்டாய். இதில் என்ன கேள்வி, எல்லாரும் எண்ணுகிற மாதிரிதான். இழுப்பது ஒன்று, விடுவது ஒன்று. நாங்கள் கட்டை எண்ணுகிற மாதிரியே. சுவரில் இருக்கும் அடிக்கட்டை ஒன்று, கழற்றுகிற பிடி ஒன்று. கடைக்காரனுக்குத்தான் அது இரண்டும் சேர்ந்து ஒரு ஜோடி. அழுத்துகிற எங்களுக்கு இரண்டும் தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மிதி. ஜோடிக் கணக்கில் எண்ணி எங்களுக்குப் பழக்கமே இல்லை.

அன்றைக்கு நாற்பத்தி நாலு என்று நான் உன்னிடம் சொன்னதும் அப்படி எண்ணினதுதான். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து எண்ணினேன். இப்போது முப்பத்திரண்டுக்கு இறங்கியிருக்கிறது, சந்தோஷம்தானே?

இன்று சாமிதுரை ஆள் அனுப்பியிருந்தார். ராஜினாமாவை அவரே டைப் செய்துவிட்டாராம், கையெழுத்து மட்டும் போட வேண்டுமாம். ஃபிட்டர் தமிழ்ச்செல்வன்தான் கொண்டுவந்தான், பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதில் "உடல்நிலை காரணமாக நானே விரும்பி" என்று இருந்தது. "நானே விரும்பி" என்பதைக் கோடு போட்டு அடித்துத் திருப்பி அனுப்பினேன்.

ஜெயமேரி


புதுச்சேரி
22.7.2024

அன்புள்ள அக்கா,

லேபில் உட்கார்ந்துதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். "இழுப்பது ஒன்று, விடுவது ஒன்று" என்று படித்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அக்கா, உள்ளே இழுத்து வெளியே விட்டால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு மூச்சு. உலகம் பூராவும் ஜோடிக் கணக்குதான். உன் நாற்பத்தி நாலு, இருபத்திரண்டு. குடம் தூக்கி வந்தவளுக்கு இருபத்திரண்டு என்றால் ஒன்றுமே இல்லை. நான் போனை வைத்திருக்கவே வேண்டாம், சாமிதுரைக்கு அடித்திருக்கவே வேண்டாம். "எப்படி எண்ணினே?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். லேபுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன், உன்னிடம் கேட்கவில்லை. அப்பாவின் புருவம்தான் என் கண்ணில் இருந்தது. நீ சொன்னது சரி, நான் உன்னைக் கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு. இதை எந்தச் சமாதானமும் சேர்க்காமல் எழுதுகிறேன்.

சாமிதுரைக்கு அன்றைக்கே போன் செய்து நான் சொன்னது தப்பு என்றேன். "தங்கச்சி ஒன்னு சொல்லுது, அக்கா ஒன்னு சொல்லுது, நான் யாரைத்தான் நம்புறது? கையெழுத்து வரட்டும்மா" என்று வைத்துவிட்டார். நான் போட்ட தீ, என்னால் அணைக்க முடியவில்லை.

இப்போது உன் கணக்கை ஜோடியாக்கிப் பார். சும்மா இருக்க பதினாறு. ஆட்டினால் இருபது. வலது கால் இருபத்து நாலு, இடது கால் முப்பத்து நாலு. ஒரே பாரம், ஒரே நுரையீரல், பத்து மூச்சு வித்தியாசம். டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஓய்வெடு என்று நான் சொன்னதும் தப்பு. இடது காலுக்கு வேலை கொடுக்க வேண்டும். முதல் வாரம் அந்தப் படியில் காலையில் இருபது, மாலையில் இருபது. வாரத்துக்குப் பத்துப் பத்தாகக் கூட்டு. தசை தேறினால் புளிப்பு குறையும், கத்தலும் குறையும். நெஞ்சு வலித்தாலோ கால் வீங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ.

ஒன்றில் மட்டும் நான் இறங்க மாட்டேன். உன் மூச்சு காலிலிருந்து வந்தாலும் அந்தத் தூசி தூசிதான். அப்பா பொய்யில்லை. வேலை திரும்பக் கிடைத்தால் மாஸ்க் இல்லாமல் உள்ளே போகாதே.

ஃப்ளோரா


புதுச்சேரி
12.8.2024

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை வந்தேன். நீ சொன்னபடியே கதவு திறக்கவில்லை.

ஆனால் நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். உன் கொலுசு இல்லாத கால் சத்தம் எனக்குத் தெரியும், இடது கால் கொஞ்சம் தாமதமாக ஊன்றும். படியில் ஏறி இறங்கிவிட்டு வந்து நின்றிருக்கிறாய், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் பேசவில்லை. பேசினால் சண்டை வரும். கதவில் காதை வைத்துக்கொண்டு என் வாட்சைப் பார்த்தேன்.

இருபத்தாறு. ஜோடிக் கணக்கில்.

வாசலில் வைத்த பையில் நல்ல மாஸ்க் முப்பது இருக்கிறது. முப்பத்து நாலு இருபத்தாறாகிவிட்டதே என்று பஸ்ஸில் மங்கலம்பேட்டை தாண்டும்வரை சிரித்துக்கொண்டே போனேன், பக்கத்து சீட்டு அம்மா இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

ஃப்ளோரா


விருத்தாசலம்
22.9.2024, ஞாயிறு

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள ஃப்ளோரா,

போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

கதவு திறக்காததற்குக் கோபம் காரணம் இல்லை. நாற்பதாவது தடவை படி ஏறி இறங்கியிருந்தேன், நாய் மாதிரி இளைத்துக்கொண்டிருந்தேன். அப்படி என்னை நீ பார்க்கக் கூடாது என்று நின்றுவிட்டேன். நடிக்கவில்லை என்று உனக்குப் பெரிதாக எழுதினேனே, அன்றைக்கு அரைக் கதவு அளவுக்கு நடித்துவிட்டேன். அப்பா மகள்தானே. நீ அந்தப் பக்கம் நின்று எண்ணியிருக்கிறாய், உன்னைத் திருத்த முடியாது.

இப்போது நூறு தடவை. கால் முருங்கைக்காயிலிருந்து புடலங்காய்க்கு வந்திருக்கிறது.

வியாழக்கிழமை யாரையும் கேட்காமல் தொழிற்பேட்டைக்குப் போனேன். உன் மாஸ்க்கை எடுத்துப் போனேன். கேட்டைத் தாண்டி நேராக என் பிரஸ்ஸில் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தேன். இடது காலால்தான். சாமிதுரை ஆபீஸ் ரூமிலிருந்து ஓடிவந்தார்.

"யாரும்மா ஒன்ன உள்ள வுட்டது? இங்க மயங்கி வுழுந்தீன்னா யாரு பதில் சொல்றது? மூச்சு வாங்குறவங்களுக்கு இங்க வேல இல்ல."

நான் மிதியை நிறுத்தவில்லை. "மொதலாளி, மூச்சு வாங்குறவங்களுக்கு வேல இல்லன்னா, வாங்காதவங்க யாருன்னு பாத்துடுவோமா?" என்றேன். பெண்கள் எல்லாம் கை வேலையை விட்டுவிட்டுச் சுற்றி வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். நாற்காலியைக் கொண்டுவந்து போட்டோம். பேப்பரைக் கையில் கொடுத்து, "நீங்க பாட்டுக்குப் படிங்க" என்றேன். எல்லாரும் பார்த்தாலே மூச்சு கூடும் என்று நீ சொல்லுவாய் என்று தெரியும். அதனால் அத்தனை பேரையும் நிற்க வைத்தே முதலில் சும்மா எண்ணினோம். கொளஞ்சியம்மாள் அவர் வயிற்றைப் பார்த்துச் சத்தம் இல்லாமல் எண்ணினாள். பதினேழு. பிறகு தமிழ்ச்செல்வன் அவர் காலைப் பிடித்து மடக்கி நீட்டினான், ராஜினாமாத் தாளைக் கொண்டுவந்த அதே பையன். அவர் பேப்பரை மடிக்கக்கூட இல்லை. இருபத்து மூன்று.

"நீங்க ஒன்னும் பண்ணல மொதலாளி, சும்மாத்தான் உக்காந்திருந்தீங்க. ஒங்களுக்கும் மூச்சு வாங்குது. ஆளுக்கொரு ராஜினாமா எழுதுவோம், மொதக் கையெழுத்து நீங்க போடுங்க."

பூவாயிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் யாரையும் அடக்க முடியவில்லை. அவர் முகம் சிவந்தது, நாற்காலியை உதைத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். தானே ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். "இது எனக்கு இத்தன நாளு தெரியாமப் போச்சே" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "நாளைலேருந்து வா. ஒரு மாசம் பாக்குறேன்" என்றார். ஒரு மாசம் எல்லாம் கிடையாது, பதினெட்டு வருடம் பார்த்தாகிவிட்டது என்றேன். பேசாமல் போனார். அவர் பேசாமல் போனால் சரி என்று அர்த்தம், இங்கே எல்லாருக்கும் தெரியும்.

அதோடு விடவில்லை. மாஸ்க்கைப் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்தேன். தீர்ந்ததும் கம்பெனி வாங்கித் தர வேண்டும், தரையைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டக் கூடாது, தண்ணீர் தெளித்துத்தான் கூட்ட வேண்டும் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அதற்கு இன்னும் பதில் இல்லை. வராவிட்டால் மறுபடி எழுதுவோம், எனக்கு இப்போது எழுதிப் பழகிவிட்டது. அப்பா பொய்யில்லை என்று நீ எழுதினாயே, அதற்காகத்தான்.

நேற்று கொளஞ்சியம்மாள் வந்து நின்றாள். பிராது கட்டினால் மட்டும் போதாதாம், காரியம் முடிந்ததும் சாமியிடம் போய் அதைத் திருப்பி வாங்க வேண்டுமாம், இல்லாவிட்டால் உன்மேல் கேஸ் அப்படியே நிற்குமாம். மூன்று மாதம் முடிய இரண்டு நாள்தான் இருக்கிறது. பிராதை வாபஸ் வாங்குவதற்குக் கோயிலில் என்ன பேர் தெரியுமா? ராஜினாமா.

"இதையாவது எழுதிக் குடுடி" என்றாள்.

சாமிதுரை மூன்று மாதம் கேட்டும் எழுதாத கை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "ஃப்ளோரா, தகப்பனார் இஞ்ஞாசி, புதுச்சேரி, மேற்படியார்மேல் கொடுத்த பிராதில் இனி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று எழுதி, கீழே ஜெயமேரி என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பங்குச் சாமியார் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். என் வாழ்க்கையில் நான் எழுதின ஒரே ராஜினாமா அது. நாளைக்குக் காலையில் போகிறாள்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். சாயங்காலம் போன் செய். திட்டக்குடி மாப்பிள்ளையைப் பற்றி நிறைய இருக்கிறது, முழுசாகக் கேட்க வேண்டும். நடுவில் என் மூச்சை எண்ணாதே.

எண்ணித்தான் தீருவேன் என்றால், ஜோடியாக எண்ணு.

அக்கா